வாய்த் தீனி

தையற்காரர் ஜானி பாஷாவுக்கு விடிந்ததும் முதல் வேலை புறாக்கூண்டைத் திறப்பது. தேநீர்கூட அதற்குப் பின்புதான். தாயை இழந்த குஞ்சு இருந்தால், கம்புத் தானியத்தைத் தம் வாயிலிட்டுக் குழைய மென்று, அதன் அலகை உதடுகளுக்கிடையே வைத்து ஊட்டுவார். அவ்வாறு வளர்ந்த பந்தயப் புறா எவ்வளவு உயரம் பறந்தாலும் கூடு மறவாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு, கார்த்திகைத் தீபத்துக்குச் சற்று முன்பு அவருக்குக் காய்ச்சல் கண்டது. தலை பிளந்தது, வறட்டிருமல் விலாவைப் பிடுங்கிற்று. டைபாய்டு என்று கருதிப் போட்ட ஊசிகளுக்கு அது மசியவில்லை. வேறொரு டாக்டர் மார்பு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல கிளி, புறா ஏதாவது வளர்க்கறீங்களா?" என்று கேட்டார்.

பாஷாவின் மனைவி சாயிரா பானு முந்திக்கொண்டாள். "கட்டிக்கினு வந்த எனக்கு ஒரு வாய் ஊட்னதில்ல டாக்டர். அதுங்களுக்கு வாயோட வாய் வெச்சு ஊட்டுவாரு!"

டாக்டர் சிரிக்கவில்லை. "கிளமிடியானு ஒரு கிருமி. பறவைங்க எச்சில்லயும் எச்சத்துலயும் இருக்கும். காய்ஞ்ச தூசி மூச்சுல போனாலே நுரையீரலைப் பிடிச்சுக்கும். நீங்க வாய்லயே வாங்கியிருக்கீங்க. புறா பார்க்க நோயில்லாம நல்லாத்தான் இருக்கும். கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து."

டெட்ராசைக்ளின் மாத்திரையில் காய்ச்சல் தணிந்தது, மனம் தணியவில்லை. கட்டிலில் புரண்டார். எழுந்து கூண்டுவரை போவார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவார். பந்தயத்தில் தம்மிடம் தோற்ற, பக்கத்து ஊரான அடி அண்ணாமலைச் சகாதேவனுக்கு ஆசையாய் ஒரு குஞ்சைக் கொடுத்தவர் அவரே. "வாயாலயே ஊட்டுய்யா, அப்பத்தான் உன்ன வுட்டுப் போவாது" என்று கற்றுக்கொடுத்தவரும் அவரே. உண்மையைச் சொன்னால், பாஷா வீட்டுப் புறா நோய்ப் புறா என்று ஊர் பேசும்; இனி எவனும் அவரோடு பந்தயம் விடமாட்டான்.

"அதுங்கள எங்கனா காட்டுல வுட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள் சாயிரா.

"நான் பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள அதுங்க வூட்ல நிக்கும்."

மறுநாள் காலையில், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க அடி அண்ணாமலையிலிருந்து பச்சையம்மாள் வந்தாள். சகாதேவனைப் பற்றி அவளிடம் பாஷா தயங்கித் தயங்கி விசாரித்தார்.

"அவனா? படுத்த படுக்கையா கீறான் பாய். ஒரே இருமல். டைபாய்டுனு ஊசி போட்டுக்கினு கீறான்."

பாஷாவின் கால் தையல் இயந்திரத்தின் மிதியிலேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். திறக்காத கூண்டுக்குள் புறாக்கள் விடாமல் குனுகிக்கொண்டிருந்தன.

"இந்த ஒடம்போட எங்கங்க?" என்றாள் சாயிரா.

"சகாதேவன் வூட்டுக்கு. டாக்டர்கிட்ட இன்னா சொல்லணும்னு அவனுக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்றேன்."