இரண்டாவது கையெழுத்து

மனநல மருத்துவர் சங்கத்தின் செயலாளருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு: கறார். ஐம்பத்து மூன்று வயது. அரசு மனநல மருத்துவமனையில் பெண்கள் வார்டு அவள் பொறுப்பில் இருந்தது. கூட்டம் பத்து மணிக்கு என்றால் பத்துக்குக் கதவைச் சாத்திவிடுவாள். ஒருமுறை அப்படிச் சாத்தியதில் சங்கத் தலைவரே வெளியே மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவளுக்கும் தெரியும். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் பிடித்தும் இருந்தது.

சங்கம் இருந்தது சுகாதார இயக்குநரகத்துக்குச் சொந்தமான பழைய கட்டடத்தின் முதல் மாடியில். மூன்றே அறைகள். ஒன்றில் கூட்டம் நடக்கும், இன்னொன்றில் சங்க இதழின் பழைய பிரதிகள் கூரை வரை அடுக்கியிருக்கும், மூன்றாவது தொலைபேசி அறை. சின்ன ஊர் மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் கிடையாது. அங்கே தனியாக டூட்டி பார்க்கும் டாக்டர், "மூணு நாளா தூங்காத ஆள், யாரையும் கிட்ட விடமாட்டேங்கறார், என்ன ஊசி போடலாம்?" என்று கூப்பிட்டால், இந்தப் பக்கம் சங்கத்து மருத்துவர் ஒருவர் எடுத்து வழி சொல்வார். இதையெல்லாம் கட்டி மேய்த்தது டைப்பிஸ்ட் அக்கா. டைப் மிஷின் காயலான் கடைக்குப் போய்ப் பத்து வருடமாகியும் பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த வருடம் சங்கத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மருந்துக் கம்பெனிகள் மாநாட்டுக்குப் பணம் தரக்கூடாது என்று முதலில் ஒரு சட்டம் வந்தது. அதற்குக் கைதட்டியவர்களில் கறாரும் ஒருத்தி. மாநாட்டு நிதியில் பெரும்பகுதி அதோடு போனது. அடுத்து இயக்குநரகத்திலிருந்து கடிதம் வந்தது. கையோடு கொண்டுவந்தவர் துணை இயக்குநர். வழவழவென்று பேசுகிற மனிதர்.

"ஒண்ணுமில்ல மேடம், ஒரே பக்கம். மனநோய்க்கு உள்நோயாளியா இருக்கிற யாருக்கும் இருபத்தோரு நாள் சிகிச்சை போதும்னு உங்க சங்கம் நிபுணர் கருத்தா எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான். மூணு வருஷ மானியம் அன்னிக்கே ரிலீஸ் ஆயிடும்."

"எழுதிக் குடுக்கலைன்னா?"

"மானியம் நிக்கும். கட்டடமும் எங்களுக்கு வேற வேலைக்குத் தேவைப்படுது." அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "நான் சொல்றது புரியுதில்ல?"

"நல்லா புரியுது. இந்த இருபத்தோரு நாள் கணக்கு எங்க இருந்து வந்தது?"

"எல்லா மருத்துவமனையும் சேர்த்துப் பார்த்த சராசரி."

"சராசரி பார்த்தா ஒரு வீட்டுக்கு ரெண்டே கால் குழந்தை சார். அந்தக் கால் குழந்தைக்கு யார் சட்டை தைக்கிறது?"

அறையின் மூலையில் டைப்பிஸ்ட் அக்கா இருமினாள். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். துணை இயக்குநர் மட்டும் சிரிக்காமல், பதினைந்து நாள் அவகாசம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே செயற்குழு கூடியது. கையிருப்பு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டதற்குப் பொருளாளர், "நாலு மாசம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டா அஞ்சு," என்றார். இந்தச் சங்கத்தை வீட்டு முன்னறையில் தொடங்கிய நாலு பேரில் மிஞ்சியவர் தலைவர் மட்டும்தான்.

"கையெழுத்துப் போட்டுடலாம்மா," என்றார் அவர். "நாம போடலேன்னாலும் இருபத்தோரு நாள்ல வீட்டுக்கு அனுப்பணும்னு அவங்க விதியைக் கொண்டு வரத்தான் போறாங்க. போட்டா போன் லைனாவது மிஞ்சும். அந்த லைன்ல தினமும் ஒரு உயிராவது தப்பிக்குதில்ல?"

அது வெறும் பயத்தில் வந்த பேச்சில்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"விதி அவங்களோடதா இருக்கட்டும் சார். பொய் நம்மளோடதா இருக்க வேண்டாம்," என்றாள் கறார். "நாளைக்கு ஒரு பொண்ணு இருபத்திரண்டாவது நாள் வீட்டுக்குப் போய் ஏதாவது பண்ணிக்கிட்டா, அந்தக் காகிதத்துல இருக்கிறது என் கையெழுத்து."

பொதுக்குழுவைக் கூட்டி முடிவெடுப்பது என்று எழுந்தார்கள்.

கறாரின் கணவர் பல் டாக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஒரு பல்லைப் பிடுங்கினா விஷயம் அன்னிக்கே முடிஞ்சது. உங்க பொழப்புதான் இழுபறி," என்றார். பிறகு, அவள் சிரிக்கவில்லை என்று பார்த்து, "கட்டடம் போச்சுன்னா என் கிளினிக் மாடி சும்மாதான் கிடக்குது. நீ கேக்க மாட்டே, அதனால நானே சொல்றேன்," என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பொதுக்குழுவுக்கு நூற்று முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பத்துக்குக் கதவு சாத்தியாயிற்று. கறார் பேசினாள். ஏற்கெனவே இருபத்தோரு நாளுக்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் இரண்டு மாதத்துக்குள் இன்னும் மோசமாகித் திரும்பி வந்தார்கள் என்று, உறுப்பினர்களே தங்கள் வார்டுகளில் எண்ணி அனுப்பியதைப் படித்தாள். மூன்றில் ஒருவருக்கு மேல்.

அப்போது ஓரத்திலிருந்து ஓர் இளம் மருத்துவர் கையைத் தூக்கினார். படிப்பு முடித்து இரண்டு வருடம், தூரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை.

"மேடம், நீங்க சொல்றது எல்லாம் சரி. தீர்மானம் போடுவோம், கைதட்டுவோம், வீட்டுக்குப் போவோம். விதி வந்ததும் இருபத்திரண்டாவது நாள் காலையில எங்க சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு, ஏன் இந்த ஆளை இன்னும் அனுப்பலைன்னு கேப்பார். அங்க நான் தனியா நிப்பேன். உங்களுக்கு இன்னும் ஆறேழு வருஷ சர்வீஸ். எனக்கு முப்பது இருக்கு."

யாரோ "உக்காருப்பா" என்றார்கள். "அவர் பேசட்டும்," என்றாள் கறார்.

பதில் வந்தது டைப்பிஸ்ட் அக்காவிடமிருந்து. கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடாமலே சொன்னாள். "நான் டாக்டர் இல்ல, பேசலாமான்னு தெரியல. கடிதத்தோட வந்த விதி வரைவை நான்தான் எல்லாருக்கும் அடிச்சு அனுப்பினேன். அதுல ஒன்பதாவது பிரிவு இருக்கு. தவிர்க்க முடியாத நிலையில டாக்டர் எழுத்துமூலமா காரணம் சொல்லி நாளை நீட்டிக்கலாமாம். தனியா எழுத யாருக்கும் தைரியம் வராதுன்னுதான் அதை வச்சிருக்காங்க. ஆனா ஒருத்தர்தான் எழுதணும்னு அதுல எங்கயும் இல்லையே."

கறார் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு அந்த இளம் மருத்துவரைப் பார்த்து, "உங்க பேருக்குக் கீழ இன்னொரு பேர் இருந்தா எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "யார் பேர்?"

"போன் லைன்ல அன்னிக்கு யார் டூட்டியோ அவர் பேர். கேஸை முழுசாக் கேட்டு, கேள்வி கேட்டு, அவருக்கும் சரின்னு பட்டாத்தான் போடுவார். சரின்னு படலைன்னா போடமாட்டார். சூப்பிரண்டு கேட்டா ரெண்டு பேரும் பதில் சொல்லணும்."

"அப்படின்னா எழுதுவேன்," என்றார் அவர்.

கையெழுத்துப் போடுவதில்லை என்ற தீர்மானத்துக்கு ஆதரவு தொண்ணூற்றேழு, எதிர்ப்பு முப்பத்தொன்று. எதிர்த்தவர்களில் தலைவரும் ஒருவர். கையைத் தெளிவாக உயர்த்திப் பிடித்திருந்தார், எண்ணுகிறவருக்குத் தெரியும்படி.

மாதம் முடிவதற்குள் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய இதழ்களைக் கல்லூரி நூலகம் எடுத்துக்கொண்டது. மேஜையும் தொலைபேசியும் பல் கிளினிக் மாடிக்குப் போயின. அங்கே செயற்குழு கூடும்போதெல்லாம் தரைக்கடியிலிருந்து பல் துளைக்கும் சத்தம் வரும். பொருளாளர் பேச்சை நிறுத்திக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். "என் பேஷண்டுக பாதிப் பேர் பயத்துல வேர்த்துப்போய் உக்காந்திருக்காங்க. அப்படியே மேல அனுப்பிடவா?" என்று பல் டாக்டர் கேட்பார்.

சந்தா இரண்டு மடங்கானது. பதினோரு பேர் விலகினார்கள். இதழ் காகிதத்தில் வருவது நின்று இணையத்தில் மட்டும் வந்தது. மாநாடு நட்சத்திர ஓட்டலிலிருந்து மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கியது. அவரவர் டிபன் பாக்ஸோடு வந்தார்கள். கூடத்தில் மின்விசிறிகள் பாதி ஓடவில்லை. இருந்தும் முந்தைய வருடங்களைவிடக் கேள்விகள் அதிகம், தூக்கம் குறைவு. டைப்பிஸ்ட் அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கி, பாதிச் சம்பளம் போதும் என்றாள். "உங்க சம்பளத்துல கை வைக்கிற சங்கம் எதுக்கு? இழுத்துப் பூட்டிட்டுப் போயிடலாம்," என்றாள் கறார். பேச்சு அதோடு முடிந்தது.

விதி வந்தது. அதில் "நிபுணர்களின் கருத்துப்படி" என்றொரு வரி இருந்தது. மறுநாள் சங்கம் எல்லாச் செய்தித்தாள்களுக்கும் இரண்டு வரி அறிக்கை அனுப்பியது: "அந்த நிபுணர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் இல்லை."

ஒன்பதாவது பிரிவின்படி நாளை நீட்டிக்கும் முதல் ஃபாரம் எழுதியது கறார்தான். அவள் வார்டில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவாள். செத்துப்போன அம்மா தன்னைக் கூப்பிடுகிறாள் என்பாள். மருந்து அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. இருபதாம் நாள் அவளுடைய அக்கா வந்து நின்றாள்.

"கூட்டிட்டுப் போன்னு ஆபீஸ்ல சொல்றாங்க டாக்டர். நான் காலையில ஏழு மணிக்கு வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வருவேன். வீட்டைப் பூட்டிட்டுப் போகணும், உள்ள இவ இருப்பா. கத்தரிக்கோல், மிஷின், ஊசி, எல்லாம் இவ கையெட்டுற தூரத்துல. நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க வேலைக்குப் போங்க. இவ இங்கயே இருப்பா," என்றாள் கறார்.

அக்காவை அனுப்பிவிட்டு, இரண்டாவது கையெழுத்துக்காகச் சங்கத்தின் தொலைபேசி எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் கேட்ட குரல் தலைவருடையது. யாரும் கேட்காமலே டூட்டிப் பட்டியலில் தன் பெயரை எழுதி வைத்திருந்தார்.

அவர் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். மருந்தின் அளவு என்ன, தூக்கம் எத்தனை மணி நேரம், வீட்டில் யார் யார், நீட்டிப்பதால் அவளுக்கு என்ன கெடுதல் வரலாம். ஒன்றையும் விடவில்லை. கறாருக்கே சில இடங்களில் கேஸ் ஷீட்டைப் புரட்ட வேண்டியிருந்தது.

"சரி, என் பேரைப் போட்டுக்கோ," என்றார் முடிவில். "நான் எதிர்த்து ஓட்டுப் போட்டது போட்டதுதான். இப்பவும் நீ அவசரப்பட்டேன்னுதான் நினைக்கிறேன். அதுக்காக அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?"

முதல் மாதம் இயக்குநரகத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபாரங்கள் போயின. பொதுக்குழுவில் கையைத் தூக்கிய இளம் மருத்துவர் மட்டும் ஒன்பது அனுப்பியிருந்தார். துணை இயக்குநர் தொலைபேசியில் வந்தார். குரலில் வழவழப்பு குறைந்திருந்தது.

"மேடம், இன்னும் எத்தனை ஃபாரம் அனுப்பப் போறீங்க?"

"எத்தனை பேருக்கு இன்னும் குணமாகலையோ அத்தனை."

"எல்லாத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தள்றீங்க."

"நாற்பத்தாறு கேஸுக்கு நாங்களே மறுத்திருக்கோம் சார். அந்தப் பட்டியலும் அனுப்பியிருக்கு. நீங்கதான் கவரைப் பிரிக்கல போல."

அடுத்த வாரம் அவளுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. ஐந்து மணி நேரப் பஸ் பயணம், பொது மருத்துவமனை. சங்கத்தில் கொதித்தார்கள். ஊர்வலம் போகலாம், வழக்குப் போடலாம் என்றார்கள். "எனக்காக ஒரு பைசா செலவு பண்ணக்கூடாது. ஃபாரம் நிக்கக்கூடாது. அது போதும்," என்றாள். நிற்கவில்லை. கணக்குப் பார்த்தால் உள்நோயாளிகள் முன்பு எத்தனை நாள் இருந்தார்களோ அத்தனை நாள்தான் இப்போதும் இருக்கிறார்கள். விதி மட்டும் தன்பாட்டுக்குக் காகிதத்தில் இருக்கிறது. தையல்காரப் பெண் நாற்பத்து நாலாம் நாள், தன் துணிகளைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு, அக்காவோடு பஸ் ஏறினாள்.

புது இடத்தில் சூப்பிரண்டு ஓர் அறுவை மருத்துவர், நல்ல மனிதர். உத்தரவை இரண்டு முறை படித்தார். "உங்களை ஏன் இங்க அனுப்பினாங்கன்னே புரியல மேடம். மனநல வார்டும் இல்ல, நர்ஸும் இல்ல. உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"இருக்கிற இடத்துல ஒரு ரூம் குடுங்க சார். வேலை தானா வரும்."

படுக்கை விரிப்புகள் வைக்கும் அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலி, சோப்பு வாசனை. வாசலில் "மனநல மருத்துவர்" என்று எழுதிய ஒரு தாளை ஒட்டினாள். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள், அதில் இருவர் வழி தவறி வந்தவர்கள். அந்த இருவரில் ஒருத்தியும் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் போனாள். மூன்றாவது வாரம் வரிசை வராந்தாவைத் தாண்டி எக்ஸ்ரே அறை வாசலில் நின்றது. எக்ஸ்ரேக்காரர் சண்டைக்கு வந்தார்.

அன்று மத்தியானம் கறார் இயக்குநரகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். இந்த ஊருக்கு மனநல மருத்துவர் ஒருவரை அனுப்பியதற்கு மக்கள் சார்பில் நன்றி. தேவை மிகவும் அதிகமாக இருப்பதால் பத்துப் படுக்கைகளும் இரண்டு நர்ஸுகளும் உடனே அனுப்பி வைக்கவும். வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையைத் தேதிவாரியாக இணைத்திருக்கிறேன்.

பதில் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை நினைவூட்டல் அனுப்பினாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும்.