ஏலக்காரரின் குரல் இருந்த லேப்டாப்

அவர் சந்தையில் மீன் ஏலம் விடுகிறவர். தொண்டைதான் அவருக்குச் சோறு போட்டது. அந்தத் தொண்டையிலேயே கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகப்போகிற குரலைக் கொஞ்சம் சேர்த்துவைக்கப் பார்த்தார், பாவம். அது என்ன ஆயிற்று என்று சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

யோசனை அவருடைய தம்பியுடையது. இருக்கிறதிலேயே விலை குறைந்த லேப்டாப் ஒன்றை வாங்கிவந்தான். எதிரொலி விழக்கூடாது என்று அண்ணனைக் கட்டிலில் உட்காரவைத்துப் போர்வையால் மூடினான். உள்ளேயிருந்து அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "தண்ணி." "வேணாம்." "மூச்சு முட்டுது." "ஜன்னலைச் சாத்து." "அடியே, கோவமா?"

மனைவி வெளியே நின்று சிரித்தாள். "கடைசியா சொன்னதை ரெண்டு தடவை பதிஞ்சு வை தம்பி. அதுதான் அடிக்கடி தேவைப்படும்."

பதிந்ததையெல்லாம் தம்பி உள்ளே ஒரு ஃபோல்டரில் போட்டான். அண்ணன் தேடி அலைய வேண்டாமே என்று ஒவ்வொன்றுக்கும் திரையின் முகப்பில் ஒரு பொத்தான் வைத்தான். அதைத் தொட்டால் உள்ளே இருக்கிற குரல் பேசும்.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தபின் அதுதான் அவருக்கு வாய். ஆனால் நாளாக ஆக லேப்டாப் திணறியது. 'தண்ணி'யைத் தொட்டுவிட்டு அவரே எழுந்துபோய்க் குடித்துவிட்டு வந்து படுப்பார். அப்புறம்தான் அது "தண்ணி" என்னும்.

"உங்க தாகம் பொடிநடையா வருதுங்க" என்பாள் மனைவி. அவர் தோள் குலுங்கும். சிரிப்புக்கும் சத்தம் போய்விட்டது.

ஒருநாள், மூச்சுவிட ஆபரேஷனில் கழுத்தில் போட்டிருந்த துளையில் சளி அடைத்துக்கொண்டது. அவர் கட்டிலில் உதைத்த சத்தம் கேட்டு அவள் ஓடிவந்து துடைத்துவிட்டாள். எல்லாம் முடிந்து அவர் நிதானமான பிறகு, "மூச்சு முட்டுது" என்றது லேப்டாப்.

அன்றைக்கே அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு லேப்டாப்பை ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனாள். "மெமரியைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?"

ரிப்பேர்க்காரர் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தார். "முடியாதுக்கா. இந்த மாடல்ல மெமரி, ஸ்டோரேஜ் ரெண்டையும் போர்டுலயே ஈயம் வெச்சு ஒட்டிட்டாங்க. புதுசா ஒண்ணைச் செருக ஸ்லாட்டும் விடலை."

"அப்ப வேற வழியே இல்லையா?"

"உள்ள அடைஞ்சு கெடக்கு. வேண்டியதை ஒரு பென்டிரைவ்ல எடுத்து வெச்சுட்டு, மொத்தமா துடைச்சு ரீசெட் பண்ணினா கொஞ்சம் சுறுசுறுப்பாகும்."

"அது நானே பண்ணிடுவேன் அண்ணே" என்றான் தம்பி.

வீட்டுக்கு வந்து, முகப்பில் இருந்த பொத்தான்களை எல்லாம் பென்டிரைவில் நகலெடுத்தான். உள்ளே இருந்த ஃபோல்டர் அவன் நினைப்பிலேயே இல்லை. தினமும் கண்ணில் பட்டது பொத்தான்கள்தானே. அவன் அவசரக்காரனும் இல்லை. பென்டிரைவைத் திறந்து 'ஜன்னலைச் சாத்து'வைத் தொட்டுப் பார்த்தான். பேசியது. 'அடியே, கோவமா'வும் பேசியது. மூவரும் கேட்டார்கள். அண்ணன் சரியென்று தலையசைத்தார்.

தம்பி லேப்டாப்பைத் துடைத்தான்.

அது புதிது போல எழுந்தது. பென்டிரைவைச் செருகி 'தண்ணி'யைத் தொட்டான். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது. 'வேணாம்' இல்லை. எதுவும் இல்லை. அவளும் தம்பியும் மறுபடி கடைக்கு ஓடினார்கள்.

"இதுல வெறும் கைகாட்டிப் பலகைதான் தம்பி வந்திருக்கு" என்றார் ரிப்பேர்க்காரர். "ஆள் லேப்டாப்புக்குள்ளயே இருந்துட்டாரு. துடைச்சப்ப குரலும் சேர்ந்து போச்சு."

"நாங்க போட்டுக் கேட்டோமே அண்ணே."

"அப்ப ஆள் உள்ள இருந்தாரு. பலகை அவரைக் காட்டிச்சு."

"எப்படியாவது திருப்பி எடுக்க முடியுமா?" என்றாள் அவள்.

"டிஸ்க்கைத் தனியா கழட்ட முடிஞ்சா, அதுக்குன்னு இருக்கிறவங்களுக்கு அனுப்பிப் பாக்கலாம்னாவது சொல்வேன். இதுல கழட்ட ஒண்ணுமில்லக்கா."

கடை வாசலில் தம்பி நகரவில்லை. "அண்ணி, என்னை நாலு அறை விட்டுடுங்க."

"வண்டியை எடு. அவரு தனியா இருக்காரு."

இருவர் முகத்தையும் பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. தம்பியை அருகே இழுத்துத் தலையில் கைவைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எழுதினால் படித்துக்காட்டுகிற ஒரு இயந்திரக் குரலைத் தம்பி போட்டுக்கொடுத்தான். செய்தி வாசிக்கிற இளைஞன் போல ஒரு குரல். அவர் எழுதியதும் "தண்ணி" என்று உடனே சொன்னது. அவள் அடுப்படியில் வேலையாக இருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கேட்கிறார்கள் என்று இருந்துவிட்டாள். மறுபடியும் சொல்லவைத்தார். அவள் திரும்பவில்லை.

அவர் லேப்டாப்பை மூடினார். தலைமாட்டில் இருந்த டம்ளரை எடுத்துக் கட்டில் சட்டத்தில் மூன்று தட்டுத் தட்டினார். ஏலத்தை முடிக்கும்போது சந்தையில் அவர் அப்படித்தான் தட்டுவார்.

"இதோ வந்துட்டேங்க" என்றாள் அவள்.