நாற்காலி கொடுத்த எச்சரிக்கை

ராணுவச் சரக்கு விமானக் குழுக்களுக்காக நான் வடிவமைத்த பயிற்சிக்கு அன்று கடைசித் தேர்வு. தளபதி பார்க்க வந்திருந்தார். அவருக்குத் திருப்தி என்றால் இனி எல்லாக் குழுக்களுக்கும் என் பயிற்சிதான். இல்லையென்றால் பழையபடி கரும்பலகை வகுப்பு.

சிமுலேட்டர் என்பது தரையை விட்டு எழும்பாத விமானம். முன்னால், எல்லோரும் 'மீசை' என்று அழைக்கும் கேப்டனும் துணை விமானியும். தடுப்புக்குப் பின்னால், எஞ்சினைப் படமாகக் காட்டும் ஜன்னல் ஓரம், காதில் ஹெட்போனுடன் சரக்குப் பொறுப்பாளர். மீசையின் மனைவிக்குத் தம்பி. விமானிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் ஒரு பொத்தானை அழுத்தினால் இடது எஞ்சின் 'தீப்பிடிக்கும்', சிவப்பு விளக்கு எரியும். ஒருவர் பார்த்துச் சொல்லி, இன்னொருவர் சரிபார்த்த பிறகே எஞ்சினை அணைக்கும் நெம்புகோலை இழுக்கலாம்.

மீசையின் குழு மின்னல் வேகம். எனக்கு அதில் பெருமை தாங்காது.

அன்று என் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நாற்காலி 'க்ரீச்' என்றது.

"இடது எஞ்சின் தீ," என்றார் மீசை. கை நெம்புகோலுக்குப் போய்விட்டது.

"ஆமா சார், தீ," என்றார் துணை விமானி.

நான் பொத்தானைத் தொடவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. பொத்தான் சற்றுத் தள்ளி இருப்பதால் ஒவ்வொரு முறையும் முன்னால் சாய்வேன், நாற்காலி கத்தும். இத்தனை மாதமும் இவர்கள் கவனித்தது விளக்கை அல்ல, நாற்காலியை. அருகில் நின்ற தளபதி என் பக்கம் திரும்பினார்.

ஸ்பீக்கரில் பின்னாலிருந்து சரக்குப் பொறுப்பாளரின் குரல் வந்தது. "மாமா... இல்ல, சார், கொஞ்சம் இருங்க. ஜன்னல்ல பாத்துட்டேதான் இருக்கேன். இடது எஞ்சின் ஜம்முனு சுத்துது. அதை எதுக்கு அணைக்கிறீங்க?"

கை நின்றது. மீசை பக்கத்தில் பார்த்தார். "விளக்கு எரியுதா?"

"இல்ல சார்."

"அப்ப எதைப் பாத்துய்யா ஆமான்னே?"

"உங்க மூஞ்சியப் பாத்துதான் சார்."

"ஏண்டா மச்சான், வீட்டுலதான் எதிர்ப்பேச்சுன்னா இங்கயுமா?"

"சந்தேகம் வந்தா கேப்டனையும் கேளுன்னு மேடம்தான் சொல்லிக் கொடுத்தாங்க. வீட்டுல பேசறது என் சொந்த முயற்சி."

தளபதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பின்னாடி இருக்கறவர் தேறிட்டார். அந்த ஒரு பாடத்துக்காகவே உங்க பயிற்சியை எடுத்துக்கறேன். முன்னாடி இருக்கற ரெண்டு பேரும் முதல்ல இருந்து."

"நாற்காலியை மாத்திடறேன் சார்."

"மாத்தாதீங்க. அதுவும் பாடத்துல இருக்கட்டும்."

மறுநாள் வேண்டுமென்றே சாய்ந்தேன். க்ரீச். மீசை விளக்கைப் பார்த்தார், துணை விமானியும் பார்த்தார்.

"ஆடாம உக்காருங்க மேடம்," என்றார் மீசை, திரும்பாமலே.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓசைப்படாமல் எழுந்து நின்றபடியே பொத்தானை அழுத்தினேன்.

"மாமா," என்றது பின்னால் இருந்த குரல், "இப்ப நிஜமாவே எரியுது."