மேலூர் அழகம்மாள்

ரெஜிஸ் ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பொன்மலையில் வீடு. ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கொள்ளுப்பாட்டி மேரி லண்டன்காரி என்று அப்பா கடைசிவரை சாதித்தார். சர்ச் பதிவேட்டில் 1884-ம் வருஷத்துப் பக்கம் வேறு சொன்னது. ரயில்வே கார்டு ஒருவரை மணந்த மேரிக்கு ஞானஸ்நானத்துக்கு முன் பெயர் அழகம்மாள், வயது பதினெட்டு. தகப்பன் அம்மாசி, பூந்தோட்டக்காரன், ஸ்ரீரங்கம் மேலூர்.

அதைப் பார்த்த மறுநாளே ரெஜிஸ் பஸ் பிடித்து மேலூருக்குப் போனார். நாலு வீட்டில் விசாரித்ததும் ஒருவர், "அம்மாசி வகையறாவா? யமுனாம்மாவைக் கேளுங்க" என்று கைகாட்டினார்.

யமுனாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பூக்கடை வைத்திருப்பவள். அழகம்மாள் பெயரைக் கேட்டதும் கும்பிட்டாள்.

"அழகம்மா எங்க வீட்டுக் கன்னி சாமிங்க. கல்யாணமாகாத பொண்ணு, ஆடிப்பெருக்கன்னைக்கு ஆத்தோட போயிட்டா. வருஷா வருஷம் பாவாடை வச்சுப் படைக்கிறோம்."

சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று ரெஜிஸுக்குத் தோன்றியது. பிறகு பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் மேரியின் போட்டோவையும் மெல்ல நீட்டினார். போட்டோவில் நாற்காலியில் ஒரு கிழவி, சுற்றிலும் ஏழு பிள்ளைகள்.

யமுனா வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு எங்க அத்தை மூக்குதான். எத்தனை வயசுல போனாங்க?"

"அறுபத்து மூணு."

"இங்கேயே, திருச்சியிலேயா?"

"இங்கேதாம்மா."

"ஓடிப்போனான்னு சொல்ல வாய் வராம ஆத்து மேல போட்டிருக்காங்க. மொதப் பாவாடையை வச்சது அம்மாசியாத்தான் இருக்கணும். மக உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுதான் வச்சாரோ என்னவோ." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் தம்பி பாலு நம்பவில்லை. "எவனோ பேப்பரைக் காட்டுனா நம்ம சாமி மேரியாயிடுமா?" என்று சத்தம் போட்டான்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மேரியின் கல்லறையைப் பார்க்க அக்காவோடு வந்தான். கல்லறைத் தோட்டத்துக்குள் மட்டும் வரமாட்டேன் என்று கேட்டருகே நின்றுகொண்டான். யமுனா கல்லில் படிந்திருந்த மண்ணைக் கையாலேயே துடைத்து, மல்லிகை மாலையைச் சார்த்தினாள். "கண்டுபிடிக்க இவ்வளவு நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

பஸ் ஸ்டாப்புக்கு மூவரும் நடந்தார்கள். பாதி வழியில் பாலு ரெஜிஸ் பக்கம் திரும்பினான்.

"அந்த ஏழு புள்ளைங்க பேரும் தெரியுமா சார்?"

ரெஜிஸ் மூத்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.