பார்த்துக்கொள்ள ஆள் இல்லை

கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் கடையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் அவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் டைப்பிஸ்ட் அக்கா. மீதிப் பேருக்குக் கோர்ட் பக்கம் வரும் யோகம் இன்னும் வாய்க்கவில்லை. மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. வருகிறவர்கள் அழுதும் கத்தியும் கொட்டுவதை எல்லாம் வடிகட்டி, ‘மேற்படி மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடுவாள். இணைப்பில் ஒரு தாள் குறைந்தது என்று அவள் அடித்த மனு திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. கர்வப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் பெரிதாக வாய்க்கவில்லை என்பதால் இதை நாமும் மன்னித்துவிடலாம்.

வீட்டில் அம்மா. சர்க்கரை, பிரஷர், வலது பாதத்தில் ஆற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் புண். பதினோரு வருஷமாகக் காலையில் ஊசி போட்டு, புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றி, உப்பில்லாமல் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் அவள் கடைக்குக் கிளம்புவாள். மதியம் ஓடி வந்து சாப்பாடு போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. யாரும் நிறுத்தவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை.

வெளிநாட்டில் தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவான். அந்த அரைமணி நேரத்துக்காக அம்மா காலையிலிருந்தே தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு ஞாயிறில்தான் அவன், “அம்மா, உன்ன இங்கயே கூட்டிக்கலாம்னு இருக்கேன். நிரந்தரமா,” என்றான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே விசா ஏஜென்டையும் போனில் சேர்த்துக்கொண்டான்.

“ரெண்டு வழி இருக்கு மேடம்,” என்றான் ஏஜென்ட். “ஒண்ணு விசிட் விசா. ஆறு மாசம் இருக்கலாம், திரும்பி வரணும், மறுபடி போகலாம். பெரிசா எதுவும் கேக்க மாட்டாங்க. இன்னொண்ணு பெற்றோர் விசா. கிடைச்சா ஆயுசுக்கும் அங்கயே இருக்கலாம், வைத்தியம் முழுக்க அவங்க பொறுப்பு. ஆனா இங்க அம்மாவப் பாத்துக்க ஆளே இல்லன்னு காட்டணும்.”

“நான் இருக்கேனே,” என்றாள் டைப்பிஸ்ட்.

“அதான் மேடம் பிரச்சினை,” என்றான் அவன், சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டரைப் போல.

“அப்ப விசிட் விசாவே போடலாம்டா. அங்க ஆறு மாசம், இங்க ஆறு மாசம். பொய் சொல்ல வேண்டாம் பாரு.”

தம்பி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “வந்து வந்து போறதுக்கு நான் என்ன விருந்தாளியா? அவன் என் வயித்துல பொறந்தவன்டி.”

இவளும் அதே வயிற்றில்தான் பிறந்தாள். அதை யார் எடுத்துச் சொல்வது?

“ஒரு பேப்பர்தானேக்கா,” என்றான் தம்பி. “நீ பாக்குறது எங்களுக்குத் தெரியாதா என்ன?”

ஏஜென்ட் கேட்ட உறுதிமொழிப் பத்திரத்தைக் கடையிலேயே பத்து நிமிஷத்தில் அடித்துவிட்டாள் டைப்பிஸ்ட். ‘நான் என் தாயாருடன் ஒரே முகவரியில் வசித்தாலும் அவரைப் பராமரிப்பதில்லை, இனியும் பராமரிக்க இயலாது.’ நோட்டரி வக்கீல் இருபது வருஷப் பழக்கம். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். முத்திரை குத்தினார். ஊரான் பொய்யை எத்தனையோ அடித்திருக்கிறாள், ஒரு எழுத்து பிசகியதில்லை. அன்றைக்கும் பிசகவில்லை. ஆனால் இதைப் படித்துக் காட்டும்போது அம்மா, ‘அய்யய்யோ, இது அபாண்டம்டி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். காகிதம் எக்கேடும் கெடட்டும், அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது அவளுக்கு.

அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “இது போதுமான்னு ஏஜென்டக் கேட்டியா?” என்றாள்.

போதாதாம். அம்மாவும் தன் வாயால் ஒரு வாக்குமூலம் தர வேண்டும். மனு பாஷை கூடாது, அதிகாரிகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள், அம்மா சொல்லச் சொல்ல அப்படியே அடிக்க வேண்டும் என்றான் ஏஜென்ட். கடையிலிருந்து லேப்டாப்பை இரவல் வாங்கி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“என்னத்தச் சொல்ல? நீயே அடிச்சுக்கோ.”

“நீதாம்மா சொல்லணும்.”

அம்மா மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். “பாத்ரூம்ல விழுந்து கெடந்தேன். ஒரு மணி நேரம் யாரும் வரல.”

உண்மைதான். மகள் கடையில் இருந்தாள். சேதி தெரிந்து ஓடி வந்து தூக்கியவளும் அவள்தான். அடித்தாள்.

“வாய்க்கு வெளங்குற மாதிரி ஒரு வேள சாப்பாடு கெடையாது. உப்பும் இருக்காது, ஒண்ணும் இருக்காது. நாய்கூடத் திங்காது.”

டைப்பிஸ்டின் விரல் ஒரு நொடி நின்றது. “டாக்டர்தானேம்மா உப்பு வேண்டாம்னாரு?”

“சொன்னத அடிடி. எம் மக எங்கிட்ட உக்காந்து பேசுனதே இல்ல. வருவா, குத்துவா, கட்டுவா, போவா. கடமைக்கு. மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி. எதாவது கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. எம் பிள்ள கூட இருந்தா எனக்கு இந்தக் கதி வந்துருக்குமா?”

அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அங்கேதான் டைப்பிஸ்டுக்கு உறைத்தது. அம்மா விசாவுக்காகச் சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாமல் இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததைச் சொல்கிறாள். இவள் அடித்துக்கொண்டே போனாள். இரண்டு பக்கம் வந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை.

மிச்சம் இருந்தது ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அம்மாவின் வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்ட மொத்த ஃபைலும் வேண்டும் என்றான் ஏஜென்ட். பதினோரு வருஷச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, முன்னால் ஒரு பட்டியலும் வைத்தாள். நூற்று நாற்பத்து மூன்று தாள். ஏஜென்டே அசந்துபோய், “மேடம், இவ்ளோ சுத்தமா யாரும் குடுத்ததே இல்ல,” என்றான். அவனும் புரட்டிப் பார்க்கவில்லை, தம்பியும் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதம் கடிதம் வந்தது. நிராகரிப்பு. டைப்பிஸ்ட் கடை வாசலில் நின்று படித்தாள். ‘இணைக்கப்பட்ட மருத்துவ ஆவணங்கள் அனைத்திலும் உடன் வந்தவர் என்ற இடத்தில் மகளின் கையெழுத்து உள்ளது. விண்ணப்பதாரருக்கு அவருடைய மகள் பல ஆண்டுகளாக, இடைவிடாமல், நல்ல முறையில் பராமரிப்பு அளித்து வருகிறார் என்று இந்த அலுவலகம் கருதுகிறது.’

போட்டுப் போட்டுப் பழகிப்போன கையெழுத்து. அது அங்கே இருப்பதே அவள் கண்ணில் பட்டதில்லை. கடிதத்தை இரண்டாம் தரமும் படித்தாள். முகம் தெரியாத எவனோ ஒரு அதிகாரி, அவள் கேட்காமலே சொல்லியிருக்கிறான். அவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கட்சிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ‘இடைவிடாமல், நல்ல முறையில்’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தியே சொன்னாள்.

“வேணும்னேதான வச்ச?” என்றாள் அம்மா.

“என்னதும்மா?”

“கையெழுத்து இருக்கற சீட்டையெல்லாம். நான் போயிடக் கூடாதுன்னு வேணும்னே வச்சிருக்க. ஊருக்கெல்லாம் தப்பில்லாம அடிக்கிறவ, பெத்தவளுக்குன்னு வந்தா மட்டும் தப்பு பண்ணுவியா?”

இல்லை என்று சத்தியம் பண்ணினாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு ஏஜென்ட் ஒரு வழியோடு போனில் வந்தான். “மறுபடி போடலாம் மேடம். ஆனா நீங்க அந்த அட்ரஸ்ல இருக்கக் கூடாது. வேற வீட்டுக்குப் போயிடுங்க. வாடகை ஒப்பந்தம் உங்க பேர்ல இருக்கணும். ஆறு மாசம் கழிச்சுப் போட்டா கண்டிப்பா கிடைக்கும்.”

தம்பி தலையைச் சொறிந்தான். “ஆறே மாசம்தானேக்கா?”

போன் வைத்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பல நாளைக்குப் பிறகு முகத்தில் வெளிச்சம். “எப்ப கெளம்புற?”

“நான் போறேம்மா. அந்த ஆறு மாசம் உன்ன யாரு பாத்துக்குவா?”

அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இதென்ன கேள்வி என்பது போல.

“வேற யாரு? நீதான். விடியறதுக்கு முன்னாடி வந்து ஊசியப் போட்டு, கட்ட மாத்தி, சமைச்சு வச்சுட்டுப் போயிடு. அக்கம்பக்கத்துல யாரு கண்ணுலயும் படாம வா. ஆஸ்பத்திரிக்கு வந்தா கையெழுத்து மட்டும் போட்டுடாத.”

“வர மாட்டேன்,” என்றாள் டைப்பிஸ்ட். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வராம எங்கடி போவ?”

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வாடகைக்கு அறை பார்க்கப் போனாள். கோர்ட்டை ஒட்டியே காற்றோட்டமான அறை ஒன்று காலியாக இருந்தது. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு, அம்மா வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒன்றைப் பேசி முடித்தாள்.