ஜெர்மன் முறை

அய்யாக்குட்டிக்குக் கைவிரல்கள் மொத்தம் ஏழு. மற்ற மூன்றும் வல்லநாட்டுக் கல்குவாரியில், வெடிக்காது என்று அவர் நம்பிய ஒரு வெடியோடு போய்விட்டன. யாராவது பரிதாபப்பட்டால், "அந்த மூணும் எனக்கு முன்னால போயி மேல எடம் பிடிச்சு வச்சிருக்கு, நீரு உம்ம சோலியப் பாரும்" என்பார். பாறைக்கு வெடி வைப்பதில் திருநெல்வேலிச் சீமையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாய்த்துடுக்கிலும் அப்படித்தான்.

1977 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தூத்துக்குடியிலிருந்து ஒரு ஜீப் குவாரிக்கு வந்தது. கடற்கரையோரம் இருந்த ஒரு உரக் கம்பெனியின் ஜீப். அதிலிருந்து இறங்கிய ரோச் அந்தக் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். நல்ல உயரம், கழுத்தில் சிலுவை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி.

"அண்ணாச்சி, ஒரு பாறைய ஒடைக்கணும்."

"எங்கன கெடக்கு?"

"குடோனுக்குள்ள."

அய்யாக்குட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குடோன கட்டிப்பிட்டுப் பாறைய உள்ள வச்சியளா, பாறையச் சுத்திக் குடோன கட்டினியளா?"

ரோச் சிரிக்கவில்லை. "நேர்ல வந்து பாருங்க. எனக்கு இது சரியாப் படல. மேனேசர் கிட்ட சொல்லுத தைரியமும் இல்ல."

விஷயம் இதுதான். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த ஆயிரத்து எண்ணூறு டன் உரம் அந்தக் குடோனில் குவித்து வைக்கப்பட்டிருந்தது. ஐப்பசி மழையில் கூரைத் தகடுகள் நான்கைந்து பறந்தன. மாற்றச் சொல்லி ரோச் மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மூன்று தாள்களும் அலுவலகத்தில் பத்திரமாக ஃபைல் ஆயின. மழை மட்டும் குடோனுக்குள் வந்தது. அதற்குப் பிறகு வெயில், கடற்காற்று, மறுபடி மழை. உரம் இறுகி, ஒரே கட்டியாக, மூன்று ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குன்றாக நின்றது. கடப்பாரை வளைந்தது, குன்று அசையவில்லை. அடுத்த சரக்குக் கப்பல் ஒன்பது நாளில் வந்துவிடும். அதை இறக்க வேறு இடம் இல்லை.

மேனேஜர் கிருபாநிதி சாத்தான்குளத்துக்காரர். சட்டை கசங்காமல் இருக்கும். எதைச் சொன்னாலும் முன்னால் 'டெக்னிக்கலா' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்வார். குடோன் வாசலிலேயே காத்திருந்தார்.

"டெக்னிக்கலா இது ஒண்ணும் புதுசு இல்ல அய்யாக்குட்டி. இறுகிப்போன உரத்த ஜெர்மனியில வெடி வச்சுத்தான் ஒடைக்கிறான். நான் புத்தகத்துல படிச்சிருக்கேன். அங்கங்க துளை போட்டு, சின்னச் சின்னதா வெடி வச்சா, கேக் மாதிரி உதிரும்."

அய்யாக்குட்டி குன்றின் அடியில் குந்தி உட்கார்ந்தார். ஒரு துண்டைப் பெயர்த்து உள்ளங்கையில் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு, "சாக்கு எதுவும் கெடக்கா?" என்று கேட்டார். ரோச் மூலையிலிருந்து ஒரு பழைய சாக்கை எடுத்து வந்து விரித்தார். அதில் பெரிய இங்கிலீஷ் எழுத்துகள்.

"உனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா?" என்றார் கிருபாநிதி.

"தெரியாது சார். ஆனா இந்தப் படம் தெரியும்." எழுத்துகளின்மேல் ஒரு விரலை ஓட்டினார். "இதே படம் போட்ட சாக்கு எங்க குவாரியிலயும் அடுக்கி வச்சிருக்கு. இப்போல்லாம் பெரிய பாறைக்கு இந்தச் சரக்கத்தான் வெடியா போடுதோம்."

"இது உரம்யா. வாழைக்குப் போடுறது."

"வாழைக்கு உரம். எங்களுக்கு வெடி. அதுக்கு என்ன சார் தெரியும், யாரு கையில இருக்கோம்னு?"

"தானா வெடிக்காதுல்ல?"

"தானா வெடிக்காது. சாது. தீய வச்சாக்கூட லேசுல கோவப்படாது. ஆனா பக்கத்துல ஒரு சின்ன வெடி போட்டா, எந்திரிச்சிரும். நான் வைக்கப்போறது தீக்குச்சி சார். நீங்க என்னைய வைக்கச் சொல்லுத எடம் வைக்கோல் படப்பு."

கிருபாநிதியின் முகம் சிவந்தது. தொழிலாளிகள் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ என்ன படிச்சிருக்க?"

அய்யாக்குட்டி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "மூணு வெரலுக்குப் படிச்சிருக்கேன் சார். மேல்படிப்புக்கு ஆசையில்ல."

அவரைத் திரும்பக் கொண்டுவிட ஜீப் கிடைக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கமிருந்து வேறு ஆளை வரச் சொல்லியிருப்பதாகவும், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை நடக்கும் என்றும், பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வந்த ரோச் சொன்னார்.

வீட்டில் அய்யாக்குட்டிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அருணாசலவடிவு என்னவென்று கேட்டாள். சொன்னார்.

"அது இங்கன வரைக்கும் வராதுல்லா?"

"வல்லநாட்டுக்கு வராது. தூத்துக்குடியில உங்க அக்கா வீடு இருக்குல்லா."

"அவ கெடக்கா," என்றாள் அருணாசலவடிவு. இவளுடைய வளைகாப்புக்கு வராத அக்கா அவள். பாத்திரங்களை விளக்கிக் கவிழ்த்தாள். பிறகு, "ஆனா அத்தான் நல்ல மனுசன். போயிட்டு வாங்க," என்றாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அய்யாக்குட்டி தூத்துக்குடிக்கு வந்தார். ரோச் கம்பெனிக் கேட்டைத் திறந்துவிட்டார். குடோனையும் திறந்துவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. அய்யாக்குட்டி உரக்குன்றின்மேல் நாலு காலால் ஏறி, உச்சியில் துண்டை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூரை ஓட்டை வழியாக வெயில் நேராக அவர் தலையில் விழுந்தது. பீடி பிடிக்கவேண்டும்போல் இருந்தது. பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்து, கீழே நின்ற ரோச்சிடம் போட்டுவிட்டார்.

"இதக் கொண்டுபோயி வெளிய வச்சிரும்வே. எனக்கு என் மேல நம்பிக்க இல்ல."

ஒன்பதரைக்குக் கோவில்பட்டி ஆள் வெடிமருந்துப் பெட்டியோடு வந்தார். உச்சியில் உட்கார்ந்திருந்த உருவத்தையும் அதன் விரல்களையும் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துகொண்டார். தொழிலில் அந்தக் கை பிரசித்தம்.

"அண்ணாச்சி, நீங்க அங்கன இருந்தா நான் எப்படி வெடி வைக்க?"

"வைக்காத."

"ஏன், என்ன சரக்கு?"

அய்யாக்குட்டி சொன்னார். கோவில்பட்டி ஆள் ஒரு நிமிடம் யோசித்தார். "என்கிட்ட சுண்ணாம்புக்கட்டின்னுல்லா சொன்னாவ," என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.

கிருபாநிதி வந்தார். கூடவே ஒரு போட்டோகிராபர். ஜெர்மன் முறையைக் கம்பெனிப் பத்திரிகையில் படத்தோடு போட வேண்டும் என்பது அவர் ஆசை. படத்தில் குன்று இருந்தது, குன்றின்மேல் அய்யாக்குட்டியும் இருந்தார்.

"இறங்குய்யா கீழ!"

"நீங்க ஏறி வாங்க சார். காத்து நல்லா வருது."

போலீசுக்குப் போன் போனது. இன்ஸ்பெக்டர் சங்கரபாகம் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். பெருத்த உடம்பு, அவசரப்படாத மனிதர். குடோனுக்குள் எட்டிப் பார்த்தார். மேலே இருப்பவரிடமும் கீழே இருப்பவரிடமும் கதையைக் கேட்டார். இரண்டு கதையும் நன்றாகத்தான் இருந்தன. முடிவு செய்ய முடியாமல், "வேற யாராவது விவரம் தெரிஞ்ச ஆபீசர கூப்பிடுங்க," என்றார்.

"யாரும் இல்ல," என்றார் ரோச்.

"யாரும் இல்லன்னா?"

"லீவு."

இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு நடந்தார். கடைசி மேசையைத் தவிர நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. மேனேஜர் மேசையில் பதினான்கு லீவு லெட்டர்கள். ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசித்தார். வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கு. மச்சினிக்குப் பிரசவம். கடைவாய்ப்பல். தாத்தாவின் திதி. வயிற்றுப்போக்கு. சாகுபுரத்தில் பெண் பார்க்கப் போகிறேன். இதை எழுதிய சீஃப் கெமிஸ்ட்டுக்கு மூன்று பிள்ளைகள்.

"சார், நேத்து உங்க கேன்டீன்ல என்ன போட்டிய?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கிருபாநிதிக்குக் கேள்வி புரியவில்லை. மேனேஜரிடம் மறுத்துச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆனால் பத்து மணிக்குக் குடோன் பக்கத்தில் இருக்கவும் ஒருவரும் தயாராக இல்லை. அது சங்கரபாகத்துக்குப் புரிந்தது. மேனேஜரை விட்டால் அந்த வளாகத்தில் வெளியூர் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் வந்து நிற்கும் அதிகாரி தான் ஒருவர்தான் என்பதும் புரிந்தது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

அப்போது கடைசி மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஞானபாய், நாசரேத்துக்காரி, டைப்பிஸ்ட். கையில் ஒரு தடிப் புத்தகம்.

"சார், இதுதான் மேனேஜர் சார் சொன்ன புஸ்தகம். ஜெர்மன் முறையப் பத்தி ஒரு பக்கம் டைப் பண்ணச் சொன்னாங்க. பண்ணினேன். ஆனா வாக்கியம் அந்தப் பக்கத்தோட முடியல. அடுத்த பக்கத்துக்குப் போவுது."

"நான்தான் அப்புறம் பாக்கலாம்னு சொன்னேன்ல?" என்றார் கிருபாநிதி.

"ரெண்டு நாளா அப்புறம் அப்புறம்னு சொல்லுதீங்க சார்." அவள் புத்தகத்தை விரித்தாள். "இப்போ பாத்துருவோம்."

வாசித்தாள். இன்ஸ்பெக்டருக்காக ஒவ்வொரு வரியையும் தமிழிலும் சொன்னாள். ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற ஊர். உரத் தொழிற்சாலை. இறுகிய உரத்தை வெடி வைத்து உடைப்பது அங்கே வழக்கம். ஆயிரக்கணக்கான தடவை ஒன்றும் ஆகவில்லை. இந்த இடத்தில் பக்கம் முடிந்தது. அவள் தாளைத் திருப்பினாள். 1921 செப்டம்பர் 21-ஆம் தேதி காலை வழக்கம்போல வெடி வைத்தார்கள். தொழிற்சாலை இருந்த இடத்தில் பெரும்பள்ளம் மிஞ்சியது. ஐந்நூறுக்கு மேல் செத்தார்கள். ஊரில் பெரும்பாலான வீடுகள் இல்லாமல் போயின.

போட்டோகிராபர் கேமராவைப் பையில் போட்டு, வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டு, டவுன் பக்கமாக நடையைக் கட்டினார்.

கிருபாநிதி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தன டன்?"

"அங்க நாலாயிரத்து ஐந்நூறு சார்."

"நம்மகிட்ட ஆயிரத்து எண்ணூறுதான," என்றார் கிருபாநிதி. சொல்லி முடித்ததும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பெட்டி எங்க?" என்று இன்ஸ்பெக்டர் திடீரென்று கத்தினார். "வெடிமருந்துப் பெட்டி எங்கலே?"

கான்ஸ்டபிள்கள் ஓடினார்கள். பெட்டி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பத்திரமாக இருந்தது. கோவில்பட்டி ஆள் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து நாலடி தூரம்.

பெட்டி ஊருக்கு வெளியே போன பிறகுதான் அய்யாக்குட்டி கீழே இறங்கினார். மூன்று மணி நேரம் வராத பயம் மொத்தமும் பாதி வழியில் வந்தது. மீதி தூரத்தை உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தார். ரோச் தாங்கிப் பிடித்தார்.

"உம்ம வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டார் அய்யாக்குட்டி, மூச்சு வாங்கியபடி.

"அந்தா, மதிலுக்கு அந்தப் பக்கம். எங்க தெரு முழுக்க அங்கனதான்."

"பிள்ளையளு?"

"கடல்ல." ரோச் தலையைக் குனிந்துகொண்டார். "விடியக்காலமே தெருவுல போயி சாள மீனு கூட்டமா நிக்கின்னு ஒரு பொய்யச் சொன்னேன். பொம்பளையளு பிள்ளையளு எல்லாத்தையும் வள்ளத்துல ஏத்தி அனுப்பியாச்சு. இப்போ அங்கன மீனத் தேடி என்னைய ஏசிக்கிட்டுக் கெடப்பாவ."

"நீரும் போயிருக்கலாம்லா?"

"சாவி என்கிட்டல்லா இருக்கு," என்றார் ரோச்.

இன்ஸ்பெக்டர் எழுதவேண்டியதை எழுதினார். அனுமதியின்றி உள்ளே நுழைந்ததாக அய்யாக்குட்டிமேல் வழக்கு ஒன்று பதிவானது. புகார் வந்தால் பதியாமல் இருக்க முடியாது என்று வருத்தப்பட்டார். மறுநாளே கிருபாநிதி நேரில் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். குன்றைத் தண்ணீர் விட்டு இளக்கி, ஆட்களை வைத்துக் கடப்பாரையால் உடைத்து முடிக்க நாற்பத்தொரு நாள் ஆனது. கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போனது. தலைமை அலுவலகம் நீளமாக விசாரணை நடத்தி, கிருபாநிதியைத் தண்டிக்கும் விதமாகப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றியது. அவரை விட்டால் அந்த வேலைக்கு வேறு பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். அதன்பின் எந்தத் தாளைக் கொடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுவார். குடோன் கூரைத் தகடுகளை மாற்றும்போது, கையில் குடையோடு தானே நின்றார்.

அந்த வியாழக்கிழமை மதியம் அய்யாக்குட்டியைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்விட ஜீப் கிடைத்தது. கிருபாநிதியே ஓட்டினார். உப்பளங்களைத் தாண்டியதும் கேட்டார்.

"அய்யாக்குட்டி, ஒண்ணு கேக்கட்டுமா? அவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் அது மேலேயே ஏறி உக்காந்த? வெடிச்சிருந்தா நீதான முதல்ல போயிருப்ப?"

"அதுல முதல்ல என்ன, கடைசி என்ன சார்? உங்க ஆபீசு, ரோச்சு தெரு, எங்க வீட்டுக்காரியோட அக்கா வீடு, எல்லாரும் ஒரே நேரத்துலதான் போயிருப்போம். மேல இருந்தா வரிசையில முந்தி நிக்கலாம்னு பாத்தேன்."

கிருபாநிதி சிரிக்க முயன்றார். வரவில்லை. ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அய்யாக்குட்டி அவசரப்படுத்தவில்லை. ரோச் திருப்பிக் கொடுத்த பீடியைப் பற்றவைத்து, புகையை வெளிப்பக்கமாக ஊதிக்கொண்டிருந்தார்.

"பஸ் போயிரப்போவுது சார்," என்றார் கடைசியில்.

திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்கிய கையோடு அய்யாக்குட்டி தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த கருவாட்டு வியாபாரியின் தோளில் தலை சாய்ந்தது. அந்த மனிதர் இரண்டு முறை நகர்த்திப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார். வல்லநாட்டில் கண்டக்டர் வந்து உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.