அருவி எத்தனை மாடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, என் மனைவியுடையது. இதை முதல் வரியிலேயே எழுதத் துணிந்ததற்குக் காரணம், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. [கேட்கத் தெரியும். எழுதியதையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்கிறாள். இந்த இடம் வந்தால் இருமிக்கொண்டே கடந்துவிடுவேன்.]

நான் கொத்தனார். வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டு சாயங்கால எழுத்து வகுப்புக்குப் போகிறேன். அவளையும் கூப்பிட்டேன். "வீட்டுக்கு ஒருத்தர் தூங்காம முழிச்சிருந்தா போதும்" என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் டீச்சர், "எல்லாரும் போய்வந்த ஒரு சுற்றுலாவைப் பத்தி எழுதிட்டு வாங்க. சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் வாசிக்கணும்" என்றார். முன்வரிசையில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"அருவியப் பத்தி எழுதுங்க தம்பி. நான் எப்பவோ பாத்தது. உங்க வீட்டுக்காரி சொல்லச் சொல்ல எனக்கே மறுபடி போகணும்போல இருக்கு."

சிக்கல் இதுதான்: நாங்கள் அருவியைப் பார்க்கவில்லை. பார்த்ததாக என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உண்மையை எழுதி வாசித்தால் அவள் குழாயடியில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. பொய்யை எழுதலாம் என்றால், பார்க்காத அருவியை எதை வைத்துக் கட்டுவது?

2

தொடங்கிப் பார்த்தேன்.

"காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—"

வேண்டாம். தினமும் அவனுக்கு முன்னால் எழுந்து வேலைக்குப் போகிறவன் நான். இதுவரை அவன் கையை நீட்டி ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை.

"இயற்கை அன்னையின் மடியில் நாங்கள்—"

இது டீச்சர் கொடுத்த மாதிரிக் கட்டுரையில் இருந்தது. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தது வேனின் பின் சீட்டில், பாதி சீட்டிலும் பாதி எங்கள் மேஸ்திரியின் மடியிலும்.

நேராகவே சொல்கிறேன். வேன் என் மச்சினனுடையது. மனைவிக்குத் தம்பி. மற்ற நாட்களில் அதில் வெங்காய மூட்டை ஏற்றுவான். ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றினான். மேஸ்திரிக்குப் பட்டப்பெயர் ரசமட்டம்.* நாலாவது ஆள் என் மனைவி. எங்களோடு சித்தாள் வேலை பார்க்கிறாள்.

(* தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்க வேண்டும். எங்கள் மேஸ்திரி, தட்டில் சோறு ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் சாப்பிட மாட்டார்.)

அருவி ஆசை மனைவியுடையதுதான். எத்தனையோ வீடுகளுக்கு மாடி மாடியாகத் தண்ணீர் சுமந்தவள். ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "யாரும் தூக்காம, தானா மேலேருந்து விழற தண்ணிய ஒரு தடவ நின்னு பாக்கணுங்க. அது எங்கிட்ட ஒண்ணும் கேக்காதுல்ல."

இந்த வரியைப் படித்துக் காட்டியபோது, "நான் இவ்வளவு நல்லாவா சொன்னேன்?" என்று கேட்டாள். இவ்வளவு நன்றாகத்தான் சொன்னாள்.

3

மச்சினனுக்குக் குறுக்குவழி என்றால் உயிர். குறுக்குவழியில் போனோம். வழி ஒரு செங்கல் சூளையில் போய் முடிந்தது.

வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆனால் மேஸ்திரி இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். மற்றவர்கள் சுற்றுலா போன இடத்தில் சிலையைப் பார்ப்பார்கள். நாங்கள் செங்கல்லை இரண்டிரண்டாகத் தட்டி ஓசை கேட்டோம்.

"நல்ல வேக்காடு" என்றார் மேஸ்திரி.

"படம் எடுத்துக்கறீங்களா, செங்கல்லோட சேந்து?" என்றாள் என் மனைவி வேனுக்குள்ளிருந்து.

மேஸ்திரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். மச்சினன் எடுத்தான். எங்கள் சுற்றுலாவுக்கு இருக்கிற ஒரே படம் அதுதான்.

4

பாலத்தடியில் ஒரு மீன் கடை. அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கே வறுத்த மீன் சாப்பிடாமல் போகக்கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கடைக்காரம்மா, "எண்ணெய் இப்பதான் வச்சேன், உக்காருங்க" என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கடையின் பக்கச் சுவர். பாதி பூசியிருந்தது. பக்கத்தில் கலந்து வைத்த சிமெண்டுக் கலவை, குவியலாக, ஈரத்தோடு.

"கொத்தனாரு பொண்டாட்டிக்கு வலி வந்துருச்சுன்னு போன் வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடிட்டாரு" என்றார் கடைக்காரம்மா.

[கட்டட வேலை தெரியாத வாசகருக்கு: தண்ணீர் ஊற்றிக் கலந்த கலவை யாருக்காகவும் காத்திருக்காது. சீக்கிரத்தில் இறுகிவிடும், பிறகு தூக்கி எறிய வேண்டியதுதான். வடித்த சோற்றைத் தெருவில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உங்களால் உட்கார்ந்திருக்க முடியுமா?]

நானும் மேஸ்திரியும் கலவையையே பார்த்தோம். மச்சினனுக்கு மட்டும் புரிந்துவிட்டது.

"மாமா, வேணாம்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உங்க மூஞ்சி சொல்லுது. மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்க."

மேஸ்திரி ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூல வெளிய தள்ளியிருக்கு" என்றார்.

அப்போது மேஸ்திரி எழுந்து கொத்துக் கரண்டியை—

இந்த இடத்தைப் படித்துக் காட்டும்போது மனைவி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "யாரு மொதல்ல எந்திரிச்சா?"

"மேஸ்திரின்னு எழுதியிருக்கேன்."

"நான்தான எந்திரிச்சேன். துண்டச் சுருட்டித் தலைல வச்சது யாரு?"

உண்மைதான். 'ஒரே ஒரு சட்டி' என்று சொல்லிக்கொண்டு முதலில் கலவைச் சட்டியைத் தூக்கியவள் அவள்தான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இது இடிக்கிறது. அருவிக்காக இத்தனை காலம் ஏங்கியவள், அருவிக்குப் போகிற வழியில் இப்படிச் செய்வாளா? வாசகர் நம்புவாரா?

"கலவ காஞ்சிரும். அருவி காயாதுல்ல" என்றாள். "அப்படியே எழுதுங்க."

"இங்க மட்டும் உண்ம வேணுமா உனக்கு?"

"வேலைல பொய் சொல்லக்கூடாது."

கலவை தீர்ந்தபோது சுவர் தீரவில்லை. பாதியில் விட்டால் ஒட்டுப்போட்ட இடம் தழும்பாகத் தெரியும். எனவே சுவருக்காக இன்னொரு கலவை போட்டோம். அது சுவரைவிட அதிகமாகிவிட்டது. எனவே கலவைக்காகப் பின்பக்கச் சுவரைத் தொட்டோம். நடுவில் மீன் வந்தது. கை நிறைய சிமெண்டு. கடைக்காரம்மாதான் பிட்டுப் பிட்டு வாயில் போட்டார். பல்லில் நறநறத்தது முள்ளா மணலா என்று தெரியவில்லை. ருசி மட்டும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

மனைவி மணல் சலிக்கப் போயிருந்தபோது கடைக்காரம்மா என்னிடம் கேட்டார், "அருவிக்கா போறீங்க? ஒன்றரை ஆள் உசரம் இருக்கும். அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

நான் இதை மனைவியிடம் சொல்லவில்லை. மணல் சலிக்கும்போதும் முகத்தில் ஒரு சிரிப்பு வைத்திருந்தாள்.

5

பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தோம். அருவிக்குப் போகும் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். மரங்களுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ண மூடிக்கக்கா, பாத்த மாதிரிதான்" என்றான் மச்சினன்.

"நீ வாய மூடு, அது போதும்."

மறுநாள் காலையில் அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"எப்படி தங்கச்சி இருந்துச்சு அருவி?"

"நாலு மாடி இருக்கும்க்கா" என்றாள் என் மனைவி.

"இருக்கும், இருக்கும். அண்ணாந்து பாத்து எனக்கு ரெண்டு நாள் கழுத்து வலி."

இதை எழுதி முடித்துவிட்டுத்தான் நானே கவனித்தேன். வாழ்க்கையில் ஒன்றரை ஆள் ஒரு நாள், நாலு மாடி வேறொரு நாள். தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

படித்துக் காட்டினேன். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒன்றரை ஆளா?"

"கடைக்காரம்மா சொன்னது."

"அப்ப அந்தக்காவும்..." என்று தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அத எழுதாதீங்க. பாவம். அவங்களும் குழாயடிக்கு வரணும்ல."

6

முடிவுகள்.

அ) அருவியைக் கண்டோம். மேலிருந்து தண்ணீர் பெருக்கெடுத்து, மொட்டைமாடியில் தொட்டி நிரம்பி வழிவது போல—

"இது போன மாசம் நீங்க குழாய மூட மறந்த கதையில்ல?" என்றாள் மனைவி. அதுதான்.

ஆ) வேன் பழுதாகிப் பாதியில் திரும்பினோம்.

மச்சினன் ஒத்துக்கொள்ளவில்லை. "வேன் மேல பழி போடாதீங்க மாமா. அப்புறம் வெங்காயம்கூட ஏறாது."

இ) உண்மை. இதைப் படித்தால் இப்போது ஒருத்திக்குப் பதில் இரண்டு பேர் தலைகுனிய வேண்டும்.

ஈ)

7

ஈ-யை யோசித்துக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். கட்டியது நான்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

"தம்பி என்னமோ சத்தமா படிச்சிட்டிருந்தாப்ல" என்றார்.

"ஆமாக்கா" என்றாள் மனைவி.

அக்கா கதவு நிலையை விரலால் தேய்த்தார். "வர்ற ஞாயித்துக்கிழம உன் தம்பி வேன் சும்மாதான நிக்கும்? எனக்கும் ஒரு எடம் இருந்தா... அருவிய இன்னொரு தடவ பாத்துட்டு வந்துரலாம்னு."

என் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் இவள் முகத்தைப் பார்த்தார்.

"வாங்கக்கா" என்றாள். "இன்னொரு தடவ பாத்துருவோம்."

சுவரை மறுநாள் தொடர வேண்டியிருந்தால் நாங்கள் ஓரத்தை நேராக முடிக்க மாட்டோம். ஒரு கல்லை வெளியே நீட்டி, ஒரு கல்லை உள்ளே இழுத்து, பல் பல்லாக விட்டுவிட்டுப் போவோம். அடுத்து வருகிறவர் அதில் தன் கல்லைக் கோத்துக்கொள்வார். இந்தக் கதையையும் அப்படித்தான் விடுகிறேன். சனிக்கிழமை டீச்சர் கேட்டால், வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

மீதியை நீங்கள் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை, கதவு திறந்திருக்கிறது, ஒன்றரை ஆள் உயரத்திலிருந்து தண்ணீர் யாரும் தூக்காமல் தானாக விழுகிறது. எதிரில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். யார் முதலில் பேசுகிறார்கள், அல்லது யார் முதலில் அண்ணாந்து பார்த்துக் கழுத்தைத் தடவிக்கொள்கிறார்கள் என்பது உங்கள் பொறுப்பு.

ஒன்றே ஒன்று. வேனை மட்டும் பாலத்தடியில் நிறுத்திவிடாதீர்கள். பின்பக்கச் சுவரில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.